மிதித்துக் கட்டிய தீவனம்

காலை ஆறு மணி பத்து நிமிடம். முதலில் கண்ணில் பட்டது ஒரு நீல பிளாஸ்டிக் வாளி. அதற்குள் ஒரு வெள்ளைக் குதிரையின் வாய். குதிரை தண்ணீர் குடிக்கவில்லை. உதடுகளைத் தண்ணீரில் தட்டிக்கொண்டே இருந்தது. தட்டத் தட்டத் தண்ணீர் வெளியே சிந்தியது. தொண்டை ஒரு முறைகூட அசையவில்லை. தலையைத் தூக்கியபோது கீழுதட்டிலிருந்து கோழை நூலாகத் தொங்கியது. அந்த நூலில் இளஞ்சிவப்பு கலந்திருந்தது.

அது இரண்டாயிரத்து நான்காம் ஆண்டு, ஆவணிக் கடைசி. ஒரு நாளிதழுக்குச் செய்தி எழுதிக்கொண்டு பெரம்பலூர் துறைமங்கலத்தில் ஒரு மாடி அறையில் குடியிருந்தேன். ஜன்னலுக்கு நேர் கீழே குதிரைக் கொட்டகை. லத்தி வாடை நிரந்தரமாக வந்துகொண்டிருக்கும். அதற்கு மூக்கு பழகிவிட்டது. அன்று காலை வந்தது வேறு வாடை. புளித்த ரத்தமும் மூத்திரமும் கலந்த நெடி. இறங்கிப் போனேன்.

கொட்டகைக்காரருக்கு நாற்பது வயதைத் தாண்டியிருக்கும். அவருடைய அப்பா காலம் வரை அந்தக் குடும்பத்துக்குப் பிறர் வயலில் கூலி வேலைதான். இவர் திருச்சியில் ஒரு குதிரைவண்டிக்காரரிடம் சில ஆண்டுகள் இருந்து தொழில் பழகி, ஊருக்குத் திரும்பிக் கல்யாணங்களுக்குக் குதிரை விட ஆரம்பித்தார். அவரிடம் இருந்தவை இரண்டு: ஒரு வெள்ளை ஆண் குதிரை, ஒரு செம்பழுப்புப் பெட்டைக் குதிரை. மாப்பிள்ளை அழைப்புக்கு வருகிறவர்கள் வெள்ளையைத்தான் கேட்பார்கள். கிடைக்காவிட்டால் பெட்டைக்கு ஒத்துக்கொள்வார்கள். குதிரையில் ஆளை ஏற்றி நடத்திப் போவது அவர் வேலை. தீவனமும் தண்ணீரும் அவருடைய மனைவியின் பொறுப்பு. கொள்ளு ஊறவைப்பது, தவிடு பிசைவது, லத்தி அள்ளுவது எல்லாம் அந்தம்மாதான்.

"நேத்து சாயங்காலம் நல்லாத்தானே சார் தின்னுச்சு," என்றார் அந்தம்மா. "தொட்டிய நக்கி வச்சிருக்கு."

குதிரை பின்னங்கால்களை அகட்டி நின்றது. முக்கியது. நாலைந்து சொட்டு மூத்திரம் விழுந்தது. சற்று நேரத்தில் மறுபடியும் முக்கியது. மறுபடியும் சில சொட்டு. சிமெண்டுத் தரையில் அது தேநீர் நிறத்தில் பரவியது. விலாவில் வியர்வை நுரைத்து, மயிர் பிசுபிசுவென்று ஒட்டிக்கிடந்தது. ஈக்கள் வாயைச் சுற்றியே மொய்த்தன. கொட்டகைக்காரர் உதட்டைப் பிதுக்கிக் காட்டினார். ஈறு முழுக்க வெந்த தோல். நாக்கின் ஓரத்தில் தோல் வழன்று மடங்கி, வெள்ளைத் துணி மாதிரி தொங்கியது.

"எவனோ வச்சுட்டான் சார்," என்றார். "அரியலூர்ல ஒருத்தன் குதிரை வாங்கியிருக்கான்ல, அவன் வேலையாத்தான் இருக்கும்."

"ஆமா, அவன் பஸ்சேறி வந்து ராத்திரி நம்ம தொட்டியில கொட்டிட்டுப் போனான்," என்றார் மனைவி. "போயி டாக்டரக் கூட்டியாங்க மொதல்ல."

கால்நடை மருத்துவர் ஸ்கூட்டரில் வந்தார். இளைஞர். மாடும் ஆடும் பார்த்துப் பழகியவர். குதிரை அவரிடம் எப்போதாவதுதான் வரும். முதலில் வயிற்று உப்புசம் என்று நினைத்து மூக்கு வழியாகக் குழாய் விட்டு எண்ணெய் ஏற்றினார். குழாயை உருவியபோது அதன் நுனியில் சதைத் துணுக்கு ஒட்டியிருந்தது. அதைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. நாக்கைப் பார்த்தார், மூத்திரத்தைப் பார்த்தார், கழுத்து நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினார். குதிரை தன் வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்த்தது. மதியத்துக்கு முன்னால் படுத்தது. படுத்தபின் எழவில்லை.

அறுத்துப் பார்க்க வேண்டும் என்றார் மருத்துவர். கொட்டகைக்காரருக்கு மனமில்லை. மாலை போட்டுப் புதைக்க நினைத்தார்.

"அறுத்துப் பாருங்க சார்," என்றார் மனைவி. "இன்னொண்ணு நிக்குதுல்ல."

பெட்டைக் குதிரை அப்போது கொட்டகையின் மறுமூலையில் நின்றிருந்தது. முந்தின நாள் மாலை வேப்பந்தட்டையில் ஒரு மஞ்சள் நீராட்டு விழாவுக்குப் போய்விட்டுத் தாமதமாகத் திரும்பிய குதிரை அது. வரும்போது தொட்டியில் தீவனம் மிச்சமில்லை. அந்த நேரத்தில் மீதிக் கட்டைப் பிரிக்காமல் அதற்கு வைக்கோல் போட்டார்கள். அந்த ஒரு வேளை வித்தியாசத்தில்தான் அது உயிரோடு இருந்தது. வெள்ளை எதனால் செத்தது என்று தெரியாமல் அடுத்த வேளைக்கு இதற்கு எதைப் போடுவது? அந்தம்மாவின் கேள்வி இதுதான். வீட்டில் இனி சம்பாதிக்கப் போவது அந்தப் பெட்டைக் குதிரை மட்டுமே.

ஏரிக்கரைக்குப் பின்னால் பொட்டலில் வைத்து அறுத்தார்கள். ஐம்பது பேராவது கூடியிருப்பார்கள். ஒருவர் தாளில் சுற்றிய வடையைத் தின்றுகொண்டே வந்தார். வயிறு திறந்தபோது மற்றவர்கள் துண்டால் மூக்கைப் பொத்தினார்கள், அவர் மெல்லுவதை நிறுத்தவில்லை. "குடலு எவ்ளோ நீளம் பாருடா," என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார். ஒரு நாய் முன்னேறி முன்னேறி வந்து கல்லடி வாங்கிப் பின்வாங்கியது.

மருத்துவர் இரைப்பையைப் பிளந்து உட்புறத்தைக் கையுறை விரலால் தொட்டார். வெந்நீரில் போட்ட தக்காளியின் தோல் போல அது கழன்று வந்தது. அடியில் இருந்த சதை செக்கச்செவேலென்று இருந்தது. மூத்திரப்பையைத் திறந்தார்; உள்சுவர் முழுக்க ரத்தப் புள்ளிகள். பிறகு இரைப்பையில் கிடந்த பச்சைக் குழம்பை ஒரு தட்டில் அள்ளி, தண்ணீர் விட்டு அலசி, இடுக்கியால் எதையோ பொறுக்க ஆரம்பித்தார். பொறுக்கியதைக் காகிதத்தில் வரிசையாக வைத்தார். விரல் நகம் அளவுக்குச் சிறிய ஓடுகள். கறுப்பு, குறுக்கே ஆரஞ்சு நிறப் பட்டை.

"இது என்னன்னு தெரியுதா உங்களுக்கு?"

அந்தம்மா குனிந்து பார்த்தார். "எங்க ஊர் வண்டுதான் சார். பயத்தங்காட்டுல கூட்டம் கூட்டமா மேயும். பூவெல்லாம் தின்னுபுடும்."

"பேரு?"

"பேரென்ன பேரு. வண்டுதான்."

கொப்புள வண்டு என்று மருத்துவர் சொன்னார். அதன் உடம்பில் ஒரு நஞ்சு இருக்கிறது. தோலில் பட்டால் கொப்புளம். வயிற்றுக்குள் போனால் உதட்டிலிருந்து மூத்திரப்பை வரை அதே கொப்புளம்தான். மாடு ஓரளவு தாங்கும், குதிரை தாங்காது. இதற்கு முறிவு மருந்து கிடையாது.

"தீனியக் காயப்போட்டுப் போட்டா சரியாயிடுமா சார்?" என்று கொட்டகைக்காரர் கேட்டார்.

"காஞ்சாலும் போவாது. செத்து மொறுமொறுன்னு ஆனாலும் விஷம் அப்படியே இருக்கும். தீவனத்துக்குள்ள வராம இருந்தாத்தான் உண்டு."

கொட்டகையில் அரைக் கட்டு மிச்சம் இருந்தது. தட்டைப்பயறுக் கொடி. அந்தம்மாவின் தம்பி பூலாம்பாடிப் பக்கம் குத்தகைக்கு எடுத்த மானாவாரிக் காட்டில் பருத்திக்கு ஊடே தட்டைப்பயறு போட்டிருந்தார். வாரத்துக்கு இரண்டு மூன்று முறை முதல் டவுன் பஸ்ஸில் ஒரு கட்டு கொடி வரும். அன்று மாலை அந்த அரைக் கட்டைத் தரையில் போட்டுப் பிரித்தோம். இலைகள் அடுக்கடுக்காக ஒட்டியிருந்தன. பிய்த்தால் நடுவில் நசுங்கிய வண்டு. அதன் வயிற்றுச் சாறு இலையோடு காய்ந்து மஞ்சள் கறையாகப் பிடித்திருந்தது. கால் தனியாக, தலை தனியாக. கெட்டுப்போன எண்ணெயின் வீச்சம். இன்னும் உள்ளே போனால் நசுங்காத சில வண்டுகள் சாவகாசமாக ஒரு பூவைத் தின்றுகொண்டிருந்தன.

தம்பிக்குச் செய்தி போயிற்று. அவர் வந்தார், வரும்போது வழக்கம்போல ஒரு கட்டுக் கொடியையும் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். முப்பது வயதுக்காரர், வாய் ஓயாதவர். செத்த குதிரைக்காகக் கொஞ்சம் வருத்தப்பட்டார். காரணத்தைக் கேட்டதும் கோபப்பட்டார்.

"எங்கப்பன் காலத்துலேர்ந்து இந்தக் கொடியத்தான் மாட்டுக்குப் போடுறோம். ஒரு கன்னுக்குட்டிக்குக் கூட வயித்தால போனதில்ல. உங்க குதிரை என்னா, கலெக்டர் வூட்டுப் புள்ளையா மாமா?"

"டாக்டரு அறுத்துப் பாத்துச் சொன்னாரு மச்சான்," என்றார் கொட்டகைக்காரர்.

"அறுத்தா பூச்சி இருக்கத்தான் இருக்கும். என்னைய அறுத்தா கூட நாலு எறும்பு இருக்கும்."

"ஒன்னைய அறுத்தா வாயிதான் இருக்கும்," என்றார் அக்கா.

தம்பி சட்டென்று குனிந்து கட்டிலிருந்து ஒரு வண்டைப் பிடித்தார். விரல் பட்டதும் அதன் கால் மூட்டுகளில் மஞ்சளாகத் துளி துளியாகக் கசிந்தது. முழங்கையின் உட்புறத்தில் வைத்து, கட்டை விரலால் நசுக்கி, சந்தனம் பூசுவது மாதிரி தேய்த்தார். ஓடு நொறுங்கும் சத்தம் கேட்டது.

"பாத்துக்குங்க. நீங்களும் பாத்துக்குங்க சார், பேப்பர்ல போடுங்க. என்னா ஆச்சு? ஒண்ணும் ஆவல." கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு, அதே துண்டால் முகத்தையும் துடைத்தார். பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் திரும்பி வந்தார். கட்டு கொண்டுவரவில்லை. கையில் துண்டைத் தொங்கவிட்டிருந்தார். விலக்கியபோது முழங்கை மடிப்பில் கோழி முட்டையைப் பாதியாக வெட்டிக் கவிழ்த்த மாதிரி ஒரு கொப்புளம். தோல் மெலிந்து, உள்ளே மஞ்சள் நீர் ஆடியது தெரிந்தது. இடது கண்ணிமையும் வீங்கி மூடிக்கிடந்தது. எங்களிடம் காட்டுவதற்காகக் கையை நீட்டி மடக்கியபோது கொப்புளம் உடைந்து, நீர் மணிக்கட்டு வரை வழிந்து, கொட்டகைத் தரையில் சொட்டியது. ஒரு கோழி ஓடிவந்து அதைக் கொத்திப் பார்த்தது.

"நாலு நாளைக்கு நீதான்க்கா சோறு ஊட்டணும்," என்றார்.

"ஊட்டுறேன். வெள்ளைக்கு நாக்கே உரிஞ்சு போயிருந்துச்சே, அதுக்கு யாரு ஊட்டுனா?"



கொடியோடு இத்தனை வண்டு எப்படி வருகிறது என்று பார்க்க நான் பூலாம்பாடிக்குப் போனேன். இடம் மாறினால் பறந்துபோகும் பூச்சி. அரிவாள் பட்டதுமே கிளம்பிவிட வேண்டும். கட்டுக்குள் இருந்து சாக வேண்டிய அவசியம் அதற்கு இல்லை. முந்தின நாளே போய்த் தங்கி, விடியும் முன் அவர்களோடு காட்டுக்குப் போனேன்.

முதல் பஸ்ஸைப் பிடிக்க வேண்டுமானால் இருட்டு விலகும்போதே அறுக்க வேண்டும். அந்த நேரத்தில் கொடியில் பனி. வண்டுகள் பூவுக்குள்ளும் இலைக்கு அடியிலும் விறைத்துப்போய் ஒட்டிக்கொண்டிருந்தன. தட்டினாலும் விழவில்லை. பூவெடுத்த கொடியில்தான் சத்து என்பது ஊரில் எல்லோருக்கும் உறுதி. பூ இருக்கும் இடமாகப் பார்த்து அறுத்தார்கள். வண்டும் அந்த இடத்தில்தான் இருந்தது.

அறுத்ததை வரப்பில் குவித்தார்கள். தம்பியும் அவருடைய மனைவியும் அதன்மேல் ஏறி, ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு மிதித்தார்கள். சுற்றிச் சுற்றி மிதிப்பார்கள், மேலே இன்னும் கொஞ்சம் போடுவார்கள், மறுபடி மிதிப்பார்கள். காரணம் டவுன் பஸ். கண்டக்டர் ஒரு ஆளுக்கு ஒரு கட்டுதான் மேலே ஏற்ற விடுவார். கட்டு எவ்வளவு கனம் என்று அவர் பார்ப்பதில்லை. இரண்டு கட்டை ஒரு கட்டாக்குவதற்கு அந்தப் பக்கத்தில் எல்லோரும் செய்வது இந்த மிதிதான். வெங்காயத்தாள், சோளத்தட்டை, கொடி எதுவானாலும் மிதித்துத்தான் கட்டுவார்கள். சிறியதாக, கல் மாதிரி இருக்கிற கட்டைப் பார்த்து "மிதி நல்லா வாங்கியிருக்கு" என்று பாராட்டுவதும் உண்டு.

வெளிச்சம் வந்ததும் அந்த மிதியின் ஓரத்தில் குனிந்து பார்த்தேன். பச்சைச் சாறும் மஞ்சள் சாறும் கலந்து நுரையாகக் கசிந்தது. நுரையில் கால்கள் மிதந்தன. தம்பி மனைவியின் காலில் செருப்பில்லை. விரல் இடுக்கெல்லாம் தோல் உரிந்து, நீர் கோத்து, சில இடங்களில் சீழ் பிடித்திருந்தது. மஞ்சளும் வேப்பெண்ணெயும் அப்பியிருந்தார்.

"சேத்துப்புண்ணு சார்," என்றார். "ஆவணி பொறந்தா வந்துடும். தை மாசம் தானா போயிடும்."

அது மானாவாரிக் காடு. காலடியில் மண் புழுதியாகப் பறந்தது. அதில் சேறு ஏது என்று அந்த ஊரில் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

நான் பார்த்ததைப் பெரம்பலூரில் வந்து சொன்னேன். அந்தம்மா நிறுத்தி நிறுத்திக் கேட்டுக்கொண்டார். பிறகு தம்பிக்கு அவர் போட்ட நிபந்தனைகள் இவை: பூவெடுக்கும் முன்னால் அறு. பூவெடுத்துவிட்டால் வெயில் ஏறிய பிறகு அறு, கை கையாக உதறு. எந்தக் காரணம் கொண்டும் மிதிக்காதே. தம்பி தலையில் அடித்துக்கொண்டார். மிதிக்காமல் கட்டினால் கட்டு வைக்கோல்போர் மாதிரி இருக்கும், கண்டக்டர் தன்னையும் சேர்த்து இறக்கிவிடுவார் என்றார். கடைசியில் கொஞ்சமாக, சாக்கில் தளர்வாகப் போட்டு, மதிய பஸ்ஸில் அனுப்பச் சம்மதித்தார்.

அதையும் அந்தம்மா நம்பவில்லை. வரும் சாக்கை ஒரு பழைய ஃப்ளெக்ஸ் பேனரின் மேல் கொட்டுவார். யாரோ ஒருவருடைய கல்யாணப் பேனர். பெண்ணும் மாப்பிள்ளையும் கும்பிட்டபடி சிரித்துக்கொண்டிருப்பார்கள். கொடியை ஒவ்வொரு பிடியாக எடுத்து உதறுவார். தப்பி வந்த வண்டுகள் மாப்பிள்ளையின் கன்னத்திலும் பெண்ணின் பற்களிலும் விழுந்து மல்லாந்து காலை ஆட்டும். ரொட்டி வந்த பிளாஸ்டிக் பைகளைக் கையில் மாட்டிக்கொண்டு, அடுப்படிக் கிடுக்கியால் ஒவ்வொன்றாகப் பிடித்து, சோப்புத் தண்ணீர் இருந்த டால்டா டப்பாவில் போடுவார். டப்பாவைத் தினமும் குழி தோண்டிக் கவிழ்ப்பார். ஒரு நாள் மறந்துவிட்டார். மறுநாள் மூடியைத் திறந்தபோது உள்ளே கறுப்பாக ஒரு கூழ் உப்பி நின்றது. மாடி வரைக்கும் வந்த அந்த நாற்றத்தில் நான் காலைச் சாப்பாட்டை விட்டுவிட்டேன். அவ்வளவு கவனமாக இருந்தும் அவருடைய மணிக்கட்டில், பை முடிகிற இடத்தில், வளையல் மாதிரி வரிசையாகக் கொப்புளம்.

"நீங்க எதுக்கு இவ்ளோ கஷ்டப்படுறீங்க? வெறும் வைக்கோலும் கொள்ளும் போட்டா ஆவாதா?" என்று கேட்டேன்.

"பச்சை இல்லாம குதிரைக்கு லத்தி எறங்காது சார். வயித்த அடைச்சுக்கும். அதுல ஒண்ணு போச்சுன்னா?"

பெட்டைக் குதிரை தின்றது, நின்றது, உடம்பு தேறியது. ஐப்பசி முகூர்த்தத்துக்கு உடையார்பாளையத்துக்கு அருகே ஒரு கல்யாணம் வந்தது. பெண் வீட்டார் முந்திரி வியாபாரிகள், வசதியானவர்கள். எனக்கும் அன்று அந்தப் பக்கம் ஒரு செய்தி வேலை இருந்ததால் குதிரையை ஏற்றிய மினி லாரியில் நானும் போனேன். கொட்டகைக்காரர், அவர் மனைவி, நான். அந்தம்மா பொதுவாகக் கல்யாணங்களுக்குப் போகிறவர் இல்லை. அன்று போனார். கையில் இரண்டு பொருள் வைத்திருந்தார்: உதறி எடுத்த தீவனம் ஒரு சாக்கு, தென்னங்கயிற்றில் பின்னிய ஒரு வாய்க்கூடு. நெல் அடிக்கும்போது மாடு மேயாமலிருக்க வாயில் கட்டுவார்களே, அது.

"கல்யாணக் குதிரைக்கு வாய்க்கூடா? சிரிப்பாங்கடி," என்றார் கொட்டகைக்காரர்.

"சிரிக்கட்டும். அங்க கட்டு வைப்பாங்கன்னு சொன்னீங்கல்ல?"

அந்தப் பக்கத்து வழக்கம் அது. மாப்பிள்ளையைச் சுமந்து வருகிற குதிரையோ மாடோ பெண் வீட்டு வாசலில் நின்றதும், பெண்ணின் தாய்மாமன் ஒரு கட்டு பச்சைத் தீவனத்தைக் கொண்டுவந்து அதன் முன்னால் போட வேண்டும். அது வாய் வைத்த பிறகுதான் மாப்பிள்ளை இறங்குவார். போன இடங்களில் எல்லாம் வெள்ளை அப்படித் தின்றிருக்கிறது. கட்டு பெரிதாக இருந்தால் மாமனுக்குப் பெருமை. தட்டைப்பயறுக் கொடி பூவோடு இருந்தால் இன்னும் பெருமை.

மாலை வெயில் சாயும் நேரம் ஊர்வலம் கிளம்பியது. பேண்டு, வீடியோ விளக்கு, முன்னால் ஆட்டம். வீடியோக்காரர் பாதி வழியிலேயே ஆரம்பித்துவிட்டார்.

"அண்ணே, அந்தக் கூடையக் கழட்டுங்கண்ணே. மாப்ள ராஜா மாதிரி இருக்காரு, குதிரை களத்து மாடு மாதிரி இருக்கு."

"கடிக்கும் தம்பி, அதான்," என்று கொட்டகைக்காரர் சமாளித்தார்.

"கடிக்கிற குதிரை மேலயா என்னைய ஏத்தி வச்சிருக்கீங்க?" என்று மாப்பிள்ளை மேலேயிருந்து கேட்டார்.

பெண் வீட்டு வாசலில் சிவப்பு விரிப்பு. தாய்மாமன் கட்டைத் தூக்கிவந்து வைத்தார். மஞ்சள் கயிறு சுற்றி, குங்குமம் வைத்து, சதுரமாக, கல் மாதிரி இறுகியிருந்தது. மேலே ஊதாப் பூக்கள் எட்டிப் பார்த்தன. லாரியில் நின்று வந்த குதிரைக்குப் பசி. கட்டைப் பார்த்ததும் மூக்கு விடைத்தது.

"கூடைய அவுருப்பா, திங்கட்டும்," என்றார் தாய்மாமன்.

அந்தம்மா முன்னால் வந்தார். "அண்ணே, நல்ல கொடிண்ணே. ஆனா இதுக்கு ஒடம்பு சரியில்ல, பச்சை ஆவாது. மன்னிச்சுக்குங்க. எங்ககிட்ட தீனி இருக்கு."

"வூட்டுக்கு வந்த குதிரை எங்க வூட்டுப் புல்லத் திங்காதா? அப்பறம் என்னா மொறை?" கூட்டம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. "ஏம்பா, குதிரைக்காரன் நீயா, அந்தம்மாவா?"

கொட்டகைக்காரர் தலை குனிந்தார். கும்பிட்டார். பிறகு மனைவியைப் பார்க்காமல் வாய்க்கூட்டின் முடிச்சை அவிழ்த்தார். அவர் வேறு என்ன செய்திருக்க முடியும் என்று எனக்குத் தெரியவில்லை. அந்த வாசலில் நின்ற நூறு பேரும் அவர் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அப்ப பிரிச்சுக் காட்டிட்டுப் போடுறேன்," என்று சொல்லிக்கொண்டே அந்தம்மா உட்கார்ந்து மஞ்சள் கயிற்றை அறுத்தார். இறுக்கம் விட்டதும் கட்டு தானாக விரிந்தது. முதலில் வந்தது அந்த வீச்சம். சந்தனமும் பன்னீரும் மணந்த இடத்தில் அது ஒரே நொடியில் மேலே ஏறியது. இலை அடுக்குகளைப் பிய்த்தார். நசுங்கிய வண்டுகள் கொத்துக்கொத்தாக ஒட்டியிருந்தன. உயிரோடிருந்தவை சிவப்பு விரிப்பில் இறங்கி நடக்கத் தொடங்கின. நான் ஒரே கட்டில் அத்தனை வண்டுகளைப் பார்த்ததில்லை. ஆரத்தித் தட்டு வைத்திருந்த பெண் "ஐயோ" என்று புடவையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நகர்ந்தார். ஒருவர் செருப்பால் தேய்த்தார். விரிப்பில் மஞ்சள் கோடு விழுந்தது.

எல்லோரும் தரையைப் பார்த்த அந்த நேரத்தில் குதிரை கழுத்தை நீட்டி ஒரு வாய் கவ்விவிட்டது.

அந்தம்மா எழுந்த வேகத்தில் ஒரு கையால் அதன் கீழ்த்தாடையைப் பிடித்தார். பல் இல்லாத ஓரத்து இடைவெளியில் மறு கையை மணிக்கட்டு வரை விட்டார். குதிரை தலையை உதறியது. மேலே மாப்பிள்ளை பிடரியைக் கட்டிக்கொண்டார். கை வெளியே வந்தபோது பச்சை எச்சில் வழிய ஒரு பிடி கொடி. அவர் அதைத் தாய்மாமனின் முகத்துக்கு நேராக விரித்தார். உள்ளங்கையில், எச்சில் குமிழிகளுக்கு நடுவே, இரண்டு வண்டுகள். ஒன்று பாதி நசுங்கியிருந்தது. மற்றொன்று நகர்ந்தது.

"இத எப்படிண்ணே திங்கச் சொல்றீங்க?"

தாய்மாமன் ஒரு அடி பின்னால் போய் வாயைத் துண்டால் பொத்தினார். துண்டுக்குள்ளிருந்தே பேசினார். "காடுன்னா பூச்சி இருக்கத்தான் செய்யும். அதுக்காகச் சபையில கொட்டிக் காட்டுவியா? நல்ல காரியம் நடக்குற வூட்டு வாசல்ல?" பிறகு கொட்டகைக்காரரிடம் திரும்பினார். "குதிரையப் புடிச்சிக்கிட்டுக் கெளம்புப்பா."

மாப்பிள்ளையை இறக்கினார்கள். அவர் வண்டுகள் இல்லாத இடமாகப் பார்த்துக் கால் வைத்துப் படியேறினார். யாரோ விரிப்பைச் சுருட்டி வீட்டுக்குப் பின்னால் கொண்டுபோனார்கள். பேண்டுக்காரர்கள் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள்.

லாரியில் அந்தம்மா குதிரையின் வாயைத் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே வந்தார். சோப்புக் கரைசலில் தன் கையையும் கழுவினார். கொட்டகைக்காரர் முன்னால் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.  அடுத்த நாள் விடிந்ததும் குதிரையின் நாக்கையும் மூத்திரத்தையும் அவர்தான் முதலில் பார்த்தார். நாக்கு சுத்தமாக இருந்தது. அந்தம்மாவின் உள்ளங்கை வெந்து வீங்கியிருந்தது. தீவனம் உதறுகிற வேலையைக் கொஞ்ச நாள் அவர் கணவர் செய்தார்.

அந்த முந்திரி வியாபாரி வீட்டில் அடுத்த கல்யாணம் தை மாதம் நடந்தது. குதிரை அரியலூரிலிருந்து வந்தது.